எண்ணைச் சொல்வதுவரை எங்கள் வேலை: ஓர் இயற்பியல்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் தமிழில் அறிவியல் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேச்சு முடிந்ததும் வடையும் தேநீரும் வரும். உண்மையான கேள்விகளும் அப்போதுதான் வரும். மைக்கைப் பிடிக்கத் தயங்கியவர்கள் காகிதத் தட்டோடு பக்கத்தில் வந்து நிற்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஆய்வகத்தில் ஒளியோடு முப்பது ஆண்டு கழித்தவன் நான். ஒளியைத் தாண்டிப் பேசும் இடங்களில் நானும் உங்களைப்போல் படித்துத் தெரிந்துகொண்டவன்தான்.

இயற்பியலாளர் என்றால் என்ன வேலை?

ஒருமுறை ஓர் அம்மா பேச்சு முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்து, முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டார். பிசியோதெரபி என்று நினைத்து வந்திருக்கிறார், பாவம். அன்றைய பேச்சு முழுக்கக் கருந்துளையைப் பற்றி.

அளப்பதுதான் வேலை. ஒளி, வெப்பம், தூரம், நேரம் எதுவானாலும் அளக்க வேண்டும். அளந்தது எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்பதையும் கூடவே அளக்க வேண்டும். தேக்கா சந்தையில் தராசு ஒரு கிலோ என்று காட்டினால் கத்தரிக்காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். எங்கள் தொழிலில் அந்தத் தராசையே இன்னொரு தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள்.

இன்று ஒன்று சொல்கிறீர்கள், நாளை மாற்றிச் சொல்கிறீர்கள். எப்படி நம்புவது?

முதலில் என் கதை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லேசர் கற்றையில் ஒழுங்காக ஏறி இறங்கும் சின்ன அசைவு ஒன்றைக் கண்டேன். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை, மணியடித்தாற்போல். இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்று சிக்கிவிட்டது என்று மூன்று வாரம் தூக்கமில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன். கடைசியில் அது ஏர்கான். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கும், சூடேறியதும் மறுபடி ஓடும். மேசை அதற்கேற்ப மயிரிழை விரிந்து சுருங்கும். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து மேசை மாணவி ஓர் இரவு ஏர்கானை அணைத்துவிட்டுப் போனாள், என் கண்டுபிடிப்பும் அதோடு போனது.

உலக அளவில் நடந்த இன்னொன்று. 2011 செப்டம்பரில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஜெனிவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் மிகச் சிறு துகள்கள், சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் வந்து சேர்கின்றன. ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட ஏறக்குறைய 60 நானோ நொடி முன்னதாக வந்துவிடுகின்றனவாம். அப்படியானால் ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் தப்பு. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆய்வாளர்கள் சொன்னது வேறு. எங்கே பிழை என்று மாதக்கணக்கில் தேடினோம், கிடைக்கவில்லை, நீங்களும் பாருங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு பிழை கிடைத்தது. ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. நம் வீட்டு டிவி படம் தெரியாவிட்டால் பின்னால் போய் ஒரு கம்பியை அழுத்துவோமே, அதேதான்.

இதை விஞ்ஞானிகளின் தலைகுனிவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஒருவர் பேச்சை மாற்றினால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். காரணத்தைக் காட்டினால் மேற்கொண்டு கேட்கலாம். இருபது வருடமாக ஒரே பேச்சைப் பேசி, எதிராக வந்த அளவைத் திரும்பியும் பார்க்காதவரிடம் நான் கைக்கடிகாரம்கூட வாங்க மாட்டேன்.

நோபெல் வாங்கியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

அவர் துறையில் பெரும்பாலும். துறைக்கு வெளியே அவரும் காப்பிக்கடையில் பேசும் இன்னொருவர்தான். துறைக்கு உள்ளேயும் ஆனைக்கு அடி சறுக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஓர் அளவுக்கு மேல் கனமாக இருந்தால் வெள்ளைக் குள்ளனாக, அதாவது சுருங்கி அடர்ந்த சிறு விண்மீனாக, நிலைத்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அன்றைய வானியல் உலகின் பெரிய தலையான எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு அப்போது 24 வயது. அவருக்கு நோபெல் வந்தது 1983இல். கணக்கு சரி என்பது 1935இலும் தெரிந்திருக்கலாம், யாராவது போட்டுப் பார்த்திருந்தால்.

புகைமூட்டம் வந்தபோது காற்றுத் தரக் குறியீடு ஒன்று காட்டியது, என் மூக்கு இன்னொன்று சொன்னது. எது சரி?

2013 ஜூன் 21. நண்பகலில் மூன்று மணிநேரக் குறியீடு 401ஐத் தொட்டது. சன்னலுக்கு வெளியே எதிர் புளோக் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்கள் குரலில் கோபம் இருந்தது. "எண்ணைக் குறைத்துக் காட்டுகிறார்களா?"

குறியீடு என்பது தெர்மாமீட்டர்போல் நேராக அளப்பதில்லை. காற்றில் கலந்துள்ள பல மாசுகளை அளந்து, அவற்றை ஒரு விதிப்படி ஓர் எண்ணாக்குகிறார்கள். எதைச் சேர்ப்பது, எத்தனை மணிநேரத்துக்குச் சராசரி எடுப்பது என்பதெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்தவை. காலை எட்டு மணிக்குப் புகை அடர்ந்தால் 24 மணிநேரச் சராசரி உடனே எகிறாது, நேற்றைய நல்ல காற்றும் அதில் கலந்திருக்கிறதே. உங்கள் மூக்கு இந்த நிமிடத்தைச் சொல்கிறது. அதோடு, நுரையீரலுக்குள் ஆழமாக இறங்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகள் அந்தக் காலத்தில் குறியீட்டுக்குள் இல்லை, தனியாக அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில்தான் குறியீட்டிலேயே சேர்க்கப்பட்டது.

ஆக மூக்கும் பொய் சொல்லவில்லை, எண்ணும் பொய் சொல்லவில்லை. எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. அங்கேதான் சந்தேகம் முளைத்தது. நானும் அந்த வாரத்தில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிக்கிறோமே, மனசுக்கு ஒப்பவில்லை. உண்மையிலேயே சுத்தமா?

மனசு ஒப்பாததை நான் கேலி செய்ய மாட்டேன். எச்சில், தீட்டு என்று தண்ணீரைச் சுற்றி நம் வீடுகளில் எத்தனை கணக்கு இருக்கிறது. அதோடு வளர்ந்தவர்களிடம் போய் மூலக்கூறுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று சொன்னால் வாய் மூடும், மனசு திறக்காது.

இப்படிச் சுத்தம் செய்த நீருக்கு இங்கே நியூவாட்டர் என்று பெயர். அது எப்படி வருகிறது? ஏற்கெனவே ஒருமுறை சுத்திகரித்த நீரை நுண்வடிகட்டியில் விட்டுக் கிருமிகளையும் துகள்களையும் பிடிக்கிறார்கள். அடுத்தது எதிர்ச் சவ்வூடு பரவல். பெயர்தான் பயமுறுத்தும். உப்பைத் தடவிய மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு அதிகமுள்ள பக்கத்துக்கு நீர் தானாகப் போகும். அதுதான் சவ்வூடு பரவல். அதைத் தலைகீழாக்க, உப்பும் அழுக்கும் உள்ள பக்கத்தில் பம்ப்பு வைத்து அழுத்துகிறார்கள். சவ்வின் துளை வழியாக நீர் மூலக்கூறு புகுந்துவிடும். கிருமிகளும் வைரஸ்களும் பெரிய மூலக்கூறுகளும் மாட்டிக்கொள்ளும், உப்பும் பெரும்பாலும் நின்றுவிடும். கடைசியாகப் புற ஊதா ஒளி. வருவது எவ்வளவு தூய்மை என்றால் கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலைகள் இதை விரும்பி வாங்குகின்றன. நியூவாட்டரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. ஒரு சிறு பங்கு நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு, நம் குழாய்க்கு வருகிறது.

என்னைக் கவர்ந்தது மக்களிடம் இதைக் கொண்டுபோன விதம். 1998இல் ஆய்வைத் தொடங்கினார்கள். 2000இல் பிடோக்கில் சோதனை ஆலை வைத்து ஓட்டினார்கள். வெளிநாட்டவரும் இருந்த நிபுணர் குழு தரவுகளைப் பார்த்து 2002இல் கருத்துச் சொன்னது. அந்த ஆண்டு தேசிய தின அணிவகுப்பில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும் வந்திருந்த கூட்டமும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் குடித்தார்கள். 2003இல் ஆலைகள் திறந்தன. பார்வையாளர் நிலையம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சவ்வைக் காட்டினார்கள். "கழிவுநீர்" என்ற சொல்லே "பயன்படுத்திய நீர்" ஆனது. சொல்லை மாற்றுவது ஏமாற்று வேலை என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆற்றில் வரும் நீரும் மேலே இருக்கும் ஊரார் பயன்படுத்திய நீர்தானே. காவிரிக் கரையில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அது எல்லார் மனத்திலும் இருந்தது. தாகம் இருக்கும் இடத்தில் விளக்கம் எடுபடும்.

5ஜி அலையால் ஆபத்தா?

ஓர் அலை உடம்பில் உள்ள மூலக்கூறை உடைக்க வேண்டுமானால் அதன் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் போதிய ஆற்றல் வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் துகளைவிட, உங்கள் வரவேற்பறை விளக்கின் துகளுக்கு ஆற்றல் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் அதிகம். விளக்குக்குப் பயப்படுகிறீர்களா? வேண்டுமானால் மரீனா அணைக்கட்டில் மதியம் பட்டம் விடும்போது பயப்படுங்கள். அந்தப் புற ஊதாக் கதிருக்கு உடைக்கும் ஆற்றல் உண்டு. தொப்பி போடுங்கள்.

கொவிட் காலத்து டிரேஸ்டுகெதர் செயலி அறிவியலா, அரசியலா?

இரண்டும் ஒரே கருவியில் இருந்தன. 2020 மார்ச்சில் வந்த அந்தச் செயலி, பக்கத்துக் கைபேசியின் புளூடூத் சமிக்ஞை எவ்வளவு வலுவாக வருகிறது என்று பார்த்துத் தூரத்தை ஊகித்தது. ஊகித்தது என்றே சொல்ல வேண்டும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். கைபேசி முன்பையில் இருந்தால் ஒரு தூரம், பின்பையில் இருந்தால் இன்னொரு தூரம். எம்ஆர்டி பெட்டியின் உலோகச் சுவரில் எதிரொலித்தால் வேறொரு கதை. குறை இருந்தும் பயன்பட்டது.

அந்தத் தரவை யார் பார்க்கலாம் என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டும் என்றுதான் மக்கள் புரிந்திருந்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீசும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. சலசலப்பு எழுந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். என் நண்பர் ஒருவர் "சிக்னல் சரியாக வேலை செய்ததல்லவா, அப்புறம் என்ன?" என்றார். சிக்னல் சரிதான். எதற்கென்று சொல்லி மக்களிடம் வாங்கினார்களோ அதற்கும், எதற்கெல்லாம் பயன்படுத்த முடியுமோ அதற்கும் நடுவில் இருந்த இடைவெளியை எந்தக் கருவியும் அளந்து காட்டவில்லை.

அணுகுண்டு செய்தவர்களும் உங்கள் ஆட்கள்தானே?

ஆமாம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

புத்தகங்களில் இது அமெரிக்காவின் கதையாகவோ ஜப்பானின் கதையாகவோ வரும். சிங்கப்பூரில் கேட்டால் மூன்றாவது கதை ஒன்று வரும். 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் விழுந்த ஊர் இது. பெயரையே சியோனான் என்று மாற்றினார்கள், கடிகாரத்தைக்கூடத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காட்டில் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் சரியாக இல்லை.

ஒரு கூட்டத்தில் ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசினேன். குரல் தழுதழுத்துத்தான் பேசினேன். முடிந்ததும் தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "தம்பி, எங்க அண்ணனைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. அந்தக் குண்டு மூணு வருஷம் முன்னாடி விழுந்திருக்கக் கூடாதான்னு நான் சாமிகிட்ட கேட்டிருக்கேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் இல்லை. ஹிரோஷிமாவில் செத்த குழந்தை அந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அதைப் பாட்டியிடம் சொல்லும் தைரியம் இருந்திருக்காது.

விஞ்ஞானிகளின் பொறுப்பு என்ற பேச்சுக்கு வந்தால் நான் ஜோசப் ரோட்பிளாட்டைச் சொல்வேன். போலந்துக்காரர். ஹிட்லர் முந்திவிடுவார் என்ற பயத்தில் குண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனியிடம் குண்டு வரப்போவதில்லை என்று தெரிந்ததும், 1944 கடைசியில் வேலையை விட்டுப் போனார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. வேலை சுவாரசியமாக இருந்தது, முடியும் தறுவாயில் இருந்தது. 1945 ஜூலையில் லியோ சிலார்ட் என்பவர் குண்டைப் பயன்படுத்துமுன் யோசியுங்கள் என்று மனு எழுதி, எழுபது விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கினார். பயனில்லை. ரோட்பிளாட் 1955இல் தத்துவஞானி ரசலும் ஐன்ஸ்டைனும் விடுத்த அறிக்கையில் கையெழுத்திட்டார், பிறகு வாழ்நாள் முழுக்க அணு ஆயுதத்துக்கு எதிராக உழைத்தார். 1995இல் அமைதிக்கான நோபெல் கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடத்தில் யுரேனியம் பிளப்பதைச் சொல்லிக் கொடுக்கிறோம். சுவாரசியமான வேலையிலிருந்து எழுந்து போவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

சிங்கப்பூருக்கு அணுமின் நிலையம் வரலாமா? உங்கள் முடிவு என்ன?

என் முடிவைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அதுவும் இறக்குமதி. சூரியத் தகடு வைக்க இடம் போதாது. தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021இல் 60 மெகாவாட் மிதவைத் தகடுகளைப் பரப்பினார்கள். அதற்கே சுமார் 45 ஹெக்டர் வேண்டியிருந்தது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம், 2011இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் புகுஷிமா. அங்கே 20 கிலோமீட்டர் சுற்றளவில் மக்களை வெளியேற்றினார்கள். மன்னிக்கவும், சுற்றளவு என்று எல்லாரும் சொல்வது ஆரம். அந்த வட்டத்தின் பரப்பு 1,250 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூர் மொத்தமே 740ஐத் தொடாது. 2012இல் அரசு செய்த ஆய்வும் அன்றிருந்த அணு உலைகள் இவ்வளவு நெருக்கமான சிறு தீவுக்குப் பொருந்தா என்றுதான் சொன்னது. இப்போது சிறிய உலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். 2024இல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் ஆனது. நிலையம் கட்டுவதாக அதற்குப் பொருள் இல்லை.

எத்தனை டிகிரியில் எது உருகும் என்று நான் சொல்லலாம். எந்த அபாயத்தோடு வாழச் சம்மதம் என்பதை தெம்பனிஸ்காரரும் தெங்காவாசியும்தான் சொல்ல வேண்டும்.

தேனி நியூட்ரினோ ஆய்வகத்தை ஏன் எதிர்த்தார்கள்? அறியாமையா?

ஊர்ப் பக்கம் உறவு உள்ளவர்கள் கேட்பது. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பை வைத்து நியூட்ரினோக்களைப் பிடிக்கும் திட்டம். 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வழக்குகள் நீண்டன. 2022இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது.

நியூட்ரினோவைப் பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லை. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன, இந்த வரியைப் படிக்கும்போதும். எங்கள் ஆட்கள் மேடைக்கு மேடை இதை விளக்கினார்கள். சரியாகவே விளக்கினார்கள். ஆனால் ஊர்க்காரர் கேட்டதில் பாதி வேறு: பாறையை வெடிவைத்து உடைத்தால் என்ன ஆகும், எடுத்த மண்ணை எங்கே கொட்டுவீர்கள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு, குடிதண்ணீர், ஆடு மேய்க்கும் வழி. இவற்றுக்குத் துகள் இயற்பியலில் விடை இல்லை. தெரிந்த கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடை சொல்லிவிட்டு, தெரியாத கேள்வியைக் கேட்டவரை அறியாதவர் என்று சொல்வது எங்கள் கூட்டத்தின் பழைய வியாதி. ஆய்வகம் வந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். அது இதைச் சொல்வதைத் தடுக்கவில்லை.

ஜோதிடம் அறிவியலா?

இல்லை. ஆனால் பஞ்சாங்கத்துக்குள் அறிவியல் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தை முதல் நாள் உத்தராயணம், சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று சொல்கிறோம். அது ஜனவரி 14 அல்லது 15. வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 வாக்கில். இந்த மூன்று வார வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரம்போல் மெதுவாகத் தலையைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும். பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது, பருவங்கள் சூரியனை வைத்து நடக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுக்கு முன் இரண்டும் ஒட்டி இருந்தன. இப்போது 24 பாகை விலகிவிட்டன. இது பஞ்சாங்கக்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. அயனாம்சம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெறுங்கண்ணால் பார்த்து இதைப் பிடித்தவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

அப்புறம் சனிப்பெயர்ச்சி. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். சனி ஒன்றுதான், வானமும் ஒன்றுதான். வானம் தெளிவாக இருக்கும் ஓர் இரவில் தொலைநோக்கியைத் திருப்பினால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அளந்து பார்த்துக் கணக்கைத் திருத்துவதுவரை வானியல். எந்தத் தேதியில் எள் விளக்கு ஏற்றினாலும் நிம்மதி கிடைக்கிறது என்றால், அது உங்கள் நிம்மதி. அதில் எனக்கு வேலை இல்லை. என் மனைவி ஏற்றுகிறாள்.

கடவுள் உண்டா?

எந்தக் கருவியால் அளப்பது என்று சொல்லுங்கள், பார்க்கிறேன். வடை ஆறிவிடும்.

எதற்கும் பயன்படாத ஆராய்ச்சிக்கு ஏன் வரிப்பணம்?

2021 முதல் 2025 வரை ஆராய்ச்சிக்குச் சிங்கப்பூர் தொடக்கத்தில் ஒதுக்கியது 25 பில்லியன் வெள்ளி. கேட்க வேண்டிய கேள்விதான்.

1921இல் இயற்பியலாளர் சி.வி. ராமன் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று யோசித்தார். வானத்தின் பிரதிபலிப்பு என்று அன்று சொன்னது அவருக்கு ஒப்பவில்லை. அந்த யோசனை 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் முடிந்தது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, எந்த மூலக்கூறு என்பது அந்த மாற்றத்தில் பதிந்திருக்கிறது. இன்று பாட்டிலைத் திறக்காமலே உள்ளே இருப்பது மருந்தா, போலியா, வெடிபொருளா என்று கையடக்கக் கருவி சொல்லிவிடும். அந்தக் கப்பலில் யாராவது "இதனால் என்ன பயன்?" என்று ராமனைக் கேட்டிருந்தால் அவரிடம் இந்தப் பதில் இருந்திருக்காது.

எல்லா ஆராய்ச்சியும் இப்படிப் பலன் தரும் என்று சொன்னால் அது பொய். பெரும்பாலானவை தராது. எது தரும் என்று முன்னாலேயே தெரிவதில்லை. அதேசமயம் கையில் அறிவு இருந்தால் அவசரத்துக்கு உதவும். 2003இல் சார்ஸ் வந்து இங்கே 33 பேர் இறந்தார்கள். ராணுவத்துக்கான வெப்பக் கேமராவைச் சீக்கிரமாக மாற்றியமைத்துக் காய்ச்சல் பார்க்க வைத்தார்கள். அதிலும் ஒரு வரம்பு உண்டு: அது பார்ப்பது தோலின் சூட்டை. வெயிலில் ஓடி வந்தவரையும் நிறுத்தும். அதனால்தான் பக்கத்தில் ஒரு தாதி தெர்மாமீட்டரோடு நின்றார்.

மகள் இயற்பியல் படிக்க வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?

கிடைக்கும். என் மாணவர்கள் சில்லு ஆலையில், வங்கியில், மருத்துவமனைக் கதிரியக்கப் பிரிவில், வானிலைத் துறையில் இருக்கிறார்கள். 2007 முதல் இங்கே குவாண்டம் தொழில்நுட்பத்துக்கென்று தனி ஆய்வு மையமே இயங்குகிறது. ஆனால் மருத்துவமோ சட்டமோ கிடைக்காததால் இது என்றால் வேண்டாம், அவளுக்கும் கஷ்டம், ஆசிரியருக்கும் கஷ்டம்.

தமிழில் இயற்பியல் பேசி என்ன ஆகப் போகிறது? பிள்ளைகள் ஆங்கிலத்தில்தானே படிக்கிறார்கள்?

ஒரு வீட்டில் நடந்தது. பாட்டி பேரனிடம் வானம் ஏன் நீலம் என்று கேட்டார். தொடக்கநிலை ஆறு படிக்கும் பையன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொன்னான். பாட்டிக்குப் புரியவில்லை. தமிழ்ச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் விழித்துவிட்டு, "வெளிச்சம் காத்துல இருக்கிற சின்னச் சின்னதுல முட்டித் தெறிக்குது பாட்டி, நீலம்தான் ரொம்பத் தெறிக்கும்" என்றான். அவன் ஆசிரியரிடம் சொன்ன சொல்லைவிட இதில் விஷயம் அதிகம். சொல்லை ஒளித்துவைத்துக்கொண்டு விளக்கச் சொன்னால்தான் யாருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரியும். எனக்கும் சேர்த்துத்தான். குவாண்டத்தைத் தமிழில் விளக்கப் போய், எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது ஒரு சமூக மன்றத்தில்.

கலைச்சொல் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. குவையம் என்றாலும் குவாண்டம் என்றாலும் சரி.

குழந்தைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்களேன்.

நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் பாகை சொச்சத்தில் இருக்கிறோம். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நேராக நிற்கும் பொருளுக்கு அப்போது பக்கவாட்டில் நிழல் விழாது. மார்ச் 23 அல்லது 24 அன்று ஒரு தண்ணீர் பாட்டிலோடு புளோக்குக்குக் கீழே திறந்தவெளியில் வாருங்கள். பன்னிரண்டு மணிக்கு வந்தால் ஏமாந்துவிடுவீர்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது அன்று ஏறக்குறைய 1.11க்கு. காரணம், நம் கடிகாரம் சூரியனைக் கேட்டு வைத்ததில்லை. 1982 ஜனவரி முதல் நாள் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணிநேரம் முன்னே தள்ளினோம். அதற்கு முன்பே அது முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கே பாட்டிலை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வாருங்கள். தரை சமமா என்று ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் கெடுத்துவிட்டால் செப்டம்பர் 19 வாக்கில், 12.58க்கு இன்னொரு வாய்ப்பு. மழை எந்த மாதமும் வரும், குடை எடுத்து வாருங்கள். வெயில் அடித்தால் குடையை விரித்துப் பிடியுங்கள், அதன் நிழல் உங்கள் காலடியில் வட்டமாக நிற்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.